ரொட்டிக்கு வந்த கள்

ரொட்டிக்கடை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, மாவு எந்தப் பதத்தில் பிசைவது, அடுப்பு எப்போது பக்குவமாகச் சூடேறும் என்பதையெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். அதைச் சொல்ல உங்கள் மேஸ்திரி இருக்கிறார். நான் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். ரொட்டிக்கடையில் ஒருவருக்குக் கோபம் வந்தால் என்ன நடக்கும் என்பதைப் பற்றித்தான் நான் சொல்லப்போகிறேன். அது எனக்கு நன்றாகவே தெரியும். முப்பது வருஷத்துக்கு மேல் கடை முகப்பில் நின்று ரொட்டி விற்றவள் நான். முன்னால் வாடிக்கைக்காரர்கள், பின்னால் மாவு பிசைகிறவர்கள், நடுவில் ஒரு மரத்தட்டி. இரண்டு பக்கத்து வசவும் என் காதில்தான் வந்து விழும்.

கதை நடந்தது முப்பதுகளில். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன் ஆட்சி. உப்பளத்தில் எங்கள் கடை. முதலாளி நம்ம ஊர்த் தமிழர்தான். சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். எல்லோரும் அவரை முசியே என்றுதான் கூப்பிடுவோம். பட்டாளம் அவரை விட்டுவிட்டது, அவர் பட்டாளத்தை விடவில்லை. காலையில் வந்ததும் எங்களை வரிசையாக நிற்கவைத்து நகம் பார்ப்பார். கடைக்குள் ஈ பறந்தால்கூட யாரைக் கேட்டுப் பறந்தது என்று விசாரிப்பார். ஆனால் ஒன்று, கள்ள எடையோ கலப்பட மாவோ அவரிடம் கிடையாது. அதையும் சொல்லிவிட வேண்டும், செத்துப்போன மனுஷர்.

பின்கட்டில் நாலு ஆண்கள் வேலை செய்தார்கள். மாவுக்குப் பொறுப்பு அந்தோணி அண்ணன். மாதா கோவில் திருவிழாவில் தேருக்கு முன்னால் சிலுவை பிடித்துக்கொண்டு போகிறவர் அவர்தான். ஆள் நடந்து வந்தாலே தெருவில் நாலு பேர் பீடியை மறைப்பார்கள், அப்படி ஒரு மரியாதை. அடுப்புக்குப் பொறுப்பு ராயப்பன். அவனுக்கு அடுப்பைவிட வாய் சூடு. மற்ற இருவரும் அந்தோணி அண்ணன் தலையாட்டினால் ஆட்டுவார்கள், ராயப்பன் சிரித்தால் சிரிப்பார்கள். அவர்களுடைய பேர் இந்தக் கதைக்குத் தேவையில்லை.

ஒரு நாள் ராயப்பன் அடுப்பை விட்டுவிட்டு வாசலில் யாருடனோ அரட்டை அடித்ததில் ஒரு தட்டு ரொட்டி கருகிவிட்டது. முசியே பார்த்தார். தவறு சிப்பாயுடையது என்றால் தண்டனை ஹவில்தாருக்கு என்பது அவருடைய சட்டம். அந்தோணி அண்ணனை முன்பக்கம் கூப்பிட்டு, கருகிய ரொட்டி ஒன்றைத் தலையில் வைத்து, விறைப்பாக நில் என்றார். கடையில் கூட்டம். ஒரு பிரெஞ்சு மதாம் குடையோடு நிற்கிறாள், கோவில் பாட்டுக் கோஷ்டியில் பாடுகிற இரண்டு பேர் நிற்கிறார்கள். முசியே சிரித்தார். முசியே சிரித்ததால் கூட்டமும் சிரித்தது. கூட்டம் கலையும்வரை அந்தோணி அண்ணன் அப்படியே நின்றார். ரொட்டி கீழே விழவில்லை. எனக்கே பார்க்கச் சகிக்காமல் ரொட்டி அடுக்கத் திரும்பிக்கொண்டேன். அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கே அவர் முசியேவைப் பார்த்து, "இது நியாயமில்லீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. சொல்லவில்லை. விழுங்கிவிட்டார். விழுங்கிய கோபம் வயிற்றில் சும்மா இருக்காது பிள்ளைகளே. தொண்டை வறண்டுவிட்டது, ஒரு வாய் எதையாவது ஊற்று என்று கேட்கும்.

இங்கேதான் கள் வருகிறது. இப்போது உங்களுக்கு ஈஸ்ட் டப்பாவில் வருகிறது. அப்போது எங்களுக்கு அது தென்னைமரத்திலிருந்து இறங்கியது. கள்ளை ஊற்றிப் பிசைந்து மூடிவைத்தால்தான் மாவு பொங்கும், ரொட்டி மெத்தென்று வரும். பிள்ளைச்சாவடியிலிருந்து முனுசாமி என்று ஒருவர் தினமும் ஒரு பானை கள் கொண்டுவருவார். அவரே மரம் ஏறி இறக்குவார், அவர் பெண்சாதி பச்சையம்மா அதை வடிகட்டிப் பானை வாயில் துணி கட்டிக் கொடுப்பாள், இவர் தலையில் சுமந்து வருவார். கள்ளைக் கொடுத்துவிட்டு, ஒரு ரொட்டியை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு போவார். ஊரில் எத்தனையோ கள் வரும். முனுசாமி கள்ளு என்றால் எங்கள் மாவுக்கே ஒரு துள்ளல் வரும்.

ரொட்டித் தொப்பி நடந்த மறுநாள் முனுசாமி பானையை இறக்கிவைத்துவிட்டுப் போனார். அந்தோணி அண்ணன் துணியை அவிழ்த்தார். பார்த்தார். ஒரு சொம்பை எடுத்தார்.

"மேல நிக்கறது வெறும் தண்ணிதான். வேல செய்யறது அடியில கெடக்கற மண்டி. மேலாப்புல கொஞ்சம் எடுத்தா மாவுக்கு இன்னா நஷ்டம்?" என்றார்.

தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அதில் முக்கால்வாசி உண்மை. அன்றைக்கு ரொட்டி வழக்கம்போல நன்றாகத்தான் வந்தது. வம்பு ஆரம்பிப்பதே இப்படி முக்கால் உண்மையில்தான். முழுப் பொய்யாக இருந்தால் அந்தோணி அண்ணன் மாதிரி ஆள் கிட்டவே போயிருக்க மாட்டார்.

மறுநாள் ஒரு சொம்பு இரண்டானது. ராயப்பனும் வந்து உட்கார்ந்தான். அவனுக்கு மண்டி நியாயம் போதவில்லை, இன்னொன்று கொண்டுவந்தான்.

"அண்ணே, எப்படியும் அடுப்புல போயி ஆவியாகப் போறதுதான? நெருப்பு குடிக்கறத மனுஷன் குடிச்சா பாவமா?"

"அப்படிப் போடு!" என்றார்கள் மற்ற இருவரும்.

மூன்றாம் நாள் நியாயம் இன்னும் வளர்ந்துவிட்டது. "என் மானத்த எடுத்தாரே, அதுக்கு ஈடா இந்த ஒரு பான கள்ளு? இது எந்த மூலைக்கு?" என்று அண்ணன் கேட்டார். மரத்தட்டிக்கு இந்தப் பக்கம் நான் ரொட்டி அடுக்கிக்கொண்டே கேட்டேன். கள் உள்ளே இறங்க இறங்க நியாயம் மேலே ஏறியது. கோர்ட்டில் வக்கீல்கூட அவ்வளவு அழகாக வாதாட மாட்டார். குடிப்பதற்கு ஒரு நியாயம் தேவைப்பட்டது போய், நியாயம் பேசுவதற்காகவே குடிக்க ஆரம்பித்தார்கள்.

நான் ஏன் சும்மா இருந்தேன் என்று கேட்பீர்கள். முசியே மேல் எனக்கும் எரிச்சல்தான். நல்லா குடிக்கட்டும் என்றிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை. அந்தோணி அண்ணன் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுக் கோவிலிலிருந்து வருகிறார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பேனா?

"கள்ளு சமாச்சாரத்த சாமியார்கிட்ட சொன்னீங்களா, அண்ணே?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாவம் இருந்தாதான சொல்றதுக்கு?" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. மனசார நம்பித்தான் சொன்னார். அப்போதுதான் எனக்கு முதல்முதலாகச் சுருக்கென்றது. திருடுகிறவன் பயந்தபடி திருடினால் ஒரு நாள் நிறுத்துவான். பாவமே இல்லை என்று முடிவு கட்டிவிட்டவன் எதற்காக நிறுத்துவான்?

முசியேவுக்குக் காலையில் பானையை எட்டிப் பார்க்கும் பழக்கம் உண்டு. அளவு குறையக் கூடாது. ஆகவே குடித்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தார்கள். மாவு பொங்க மறுத்தது. ரொட்டி சப்பட்டையாக வந்தது. அந்தோணி அண்ணன் முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு முசியேவிடம் போய், "கள்ளு இப்பல்லாம் வேகம் பத்தலீங்க, ஒரு பானைக்கு ரெண்டு பானையா போட்டா தேவல" என்றார். முசியே சம்மதித்தார். பானை இரண்டானது. இரண்டாவது பானைக்கும் அதே கதிதான் நடந்தது. முனுசாமிக்கு ஒரே சந்தோஷம், வியாபாரம் பெருகுகிறது என்று. பாவம், தன் கழுத்துக்குத் தானே கயிறு சுமந்து வருகிறோம் என்று அவருக்குத் தெரியுமா?

முன்பக்கத்தில் என் பாடு என்ன தெரியுமா? பிரெஞ்சு மதாம் ரொட்டியை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, அமுங்காத ரொட்டியை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். பென்ஷன் சொல்தா ஒருவர் அதை மேஜைமேல் தட்டி, "மதலேன், இது ரொட்டியா, கதவுக்கு வைக்கற கட்டையா? என் பல்லு கவர்ன்மென்ட்டு குடுத்ததில்ல, நானா வளத்தது" என்றார். நான் பல்லைக் காட்டிச் சிரித்துவைத்தேன். பின்கட்டில் நாலு பேரும் ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பழி வாங்குவது முசியேவை, பழியைச் சுமப்பது நானும் முனுசாமியும்.

கடைசியில் முசியேவுக்குப் பொறுமை போயிற்று. இரண்டு பானை கள் போட்டும் ரொட்டி எழும்பவில்லை என்றால் தப்பு எங்கே? கள்ளில்தான். ஒரு காலை முனுசாமி பானையோடு வந்தபோது தெருவில் நிறுத்திக் கேட்டார்.

"எவ்வளவு தண்ணி ஊத்தற?"

"ஐயோ முசியே! என் கையால ஒரு சொட்டு ஊத்தினதில்லீங்க. மாரியம்மா சத்தியமா!"

"உன் கையால இல்லன்னா யார் கையால? கள்ளுக் குத்தகைக்காரரு தெனமும் என்னோட சீட்டு ஆடறவரு. நாளைக்கு ஒரு நாள் பாக்கறேன். என் கண் முன்னால மாவு பொங்கலன்னா ஒரே வார்த்த, ஒனக்கு விட்ட மரத்தையெல்லாம் புடுங்கி வேற ஆளுக்குக் குடுக்கச் சொல்லிடுவேன்."

முனுசாமி பானையை இறக்கக்கூட மறந்து நின்றார். குத்தகைக்காரர் மரத்தைப் பிடுங்கிவிட்டால் அவருக்கு வேறு பிழைப்பில்லை. வலை இழுக்கத் தெரியாது, படகும் கிடையாது. மரம் ஏறத்தான் தெரியும். அவர் முகம் செத்துப் போனதை நான் பார்த்தேன். யார் கையால், யார் கையால் என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் வடக்கே நடந்து போனார்.

நான் நேரே பின்கட்டுக்குப் போனேன். நாலு பேரும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் கேட்டிருந்தது.

"இன்னா செய்யப் போறீங்க?" என்றேன்.

ராயப்பன்தான் முந்திக்கொண்டான். "அவன் மட்டும் யோக்கியனா? எந்தக் கள்ளுக்காரன் தண்ணி ஊத்தாம விக்கறான்? மரத்துலயே ஊத்திருப்பான். நாம ஊத்தனது அதுக்கப்புறந்தான்."

"அவரு ஊத்தி நீ பாத்தியா?"

"பாக்கணுமா? ஒலகத்துக்கே தெரியும்."

பாருங்கள், நேற்றுவரை முனுசாமி கள்ளை நாக்கைச் சப்புக்கொட்டிக் குடித்தவன் அவன்தான். இன்றைக்கு அவர் கலப்படக்காரர் ஆகிவிட்டார். அவர் கெட்டவராக இருந்தால்தான் இவனுக்கு ராத்திரி தூக்கம் வரும். ஒருவருக்குக் கெடுதல் செய்யத் துணிந்தவன் முதலில் அவருடைய பேரைக் கெடுத்துவிடுவான். இதை நான் பிற்பாடு எத்தனையோ கடையில் பார்த்துவிட்டேன்.

அந்தோணி அண்ணன் தலை நிமிராமலே பேசினார். "உண்மையச் சொன்னா நாலு குடும்பம் தெருவுல நிக்கும், மதலேன். அவன் ஒருத்தன். நாலு பெருசா, ஒண்ணு பெருசா, நீயே சொல்லு."

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்துவிட்டேன். "கணக்கு நல்லா போடறீங்க அண்ணே. ஆனா முசியேவ அடிக்கத்தான கள்ளுல கை வச்சீங்க? இத்தினி நாளா முசியே மேல ஒரு அடி விழுந்துச்சா? இப்ப அவரு கையில நீங்களே ஒரு கம்ப எடுத்துக் குடுத்து, அதோ அந்த முனுசாமிய அடிங்கன்னு காட்டறீங்க. ரொட்டிய தலையில வச்சாரே அவரு, அவராவது தன் கையால வச்சாரு."

நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவேன் என்று மிரட்டிவிட்டு முன்பக்கம் வந்தேன். என் வேலையும் போகும் என்பது எனக்குத் தெரியாதா என்ன?

மறுநாள். கத்திரி வெயில் காலம். காலையிலேயே ஊர் கொதிக்கிறது. முசியே பட்டாள நாளில் வாங்கிய வெள்ளை டிரில் காற்சட்டையைக் கஞ்சி போட்டு மாட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பானைகளையும் முனுசாமியின் கையிலிருந்து தானே வாங்கி, தானே பின்கட்டுக்குச் சுமந்து போனார். முனுசாமியை உள்ளே விடவில்லை. அவர் என் பக்கத்தில், தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, இன்னிக்கு அந்தோணி அண்ணன் கைதான் எனக்கு சாமி" என்றார் என்னிடம். சத்தமாகத்தான் சொன்னார். உள்ளே கேட்டிருக்கும்.

மாவில் முதலில் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் விடுவது வழக்கம். அந்தத் தண்ணீர் ராயப்பனின் அடுப்போரம் ஒரு தவலையில் இருக்கும். அன்றைக்கு அந்தத் தவலை தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. கொதிநீரில் பிசைந்தால் கள் அந்த இடத்திலேயே செத்துப்போகும். அப்புறம் இரண்டு பானை இல்லை, இருபது பானை ஊற்றினாலும் மாவு அசையாது. முசியேவுக்கு இந்த நுணுக்கமெல்லாம் தெரியாது. முனுசாமிக்கும் தெரியாது. எங்களுக்குத் தெரியும். ராயப்பன் என்னைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெனமும் செய்யற மாதிரியே செய். கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம். நான் பாத்துக்கிட்டே இருப்பேன்" என்றார் முசியே.

அந்தோணி அண்ணன் தவலையை இரண்டு கையாலும் துணி சுற்றித் தூக்கினார். மாவுத் தொட்டியின் விளிம்பில் கொண்டுபோய் வைத்தார். நான் கத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டேன். அவர் ஒரு விரலைத் தண்ணீரில் விட்டார். வெந்திருக்கும், ஆனால் முகம் மாறவில்லை. அப்படியே திரும்பிப் போய்த் தவலையைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, பச்சைத் தண்ணீர் மொண்டுவந்து மாவில் விட்டார். ராயப்பன் இருமினான். அண்ணன் ஒரு பானையை ஊற்றினார். ராயப்பன் போதும் என்பதுபோல் ஒரேயடியாக இருமினான். அண்ணன் இரண்டாவது பானையையும் கடைசிச் சொட்டு மண்டிவரை வழித்து ஊற்றினார்.

பிற்பாடு நான் அவரைக் கேட்டேன், ஒரு பானை போதுமே, மாவு அழகாகப் பொங்கியிருக்குமே, முனுசாமியும் தப்பித்து நீங்களும் தப்பித்திருக்கலாமே என்று. "தெனமும் போடறத போடுன்னாரு. போட்டேன்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் மீசைக்கடியில் ஒரு சிரிப்பு இருந்தது. அது மனசாட்சியா, குறும்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டும் கலந்துதான் இருக்கும். மனுஷனுக்கு மனசாட்சி தனியாக வந்து நான் பார்த்ததில்லை.

பிசைந்து முடித்துத் தொட்டியை மரப்பலகையால் மூடினார்கள். யாரும் தொட்டுவிடக் கூடாது என்று முசியே என்ன செய்தார் தெரியுமா? அந்தப் பலகைமேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார். காவல்! சைகோனில் வெடிமருந்துக் கிடங்குக்குக் காவல் இருந்த மனுஷர், உப்பளத்தில் மாவுக்குக் காவல் இருந்தார். வெயில் ஏறியது. அடுப்பின் அனல் ஒரு பக்கம், புளித்த வாசனை ஒரு பக்கம். முசியேவின் தலை முதலில் இடது பக்கம் சாய்ந்தது, அப்புறம் வலது பக்கம் சாய்ந்தது, அப்புறம் நெஞ்சில் இறங்கிவிட்டது. குறட்டை தெருவுக்குக் கேட்டது.

மாவு தூங்கவில்லை. பலகையின் நாலு பக்கத்து இடுக்கிலும் முதலில் உதடு மாதிரி எட்டிப் பார்த்தது. அப்புறம் வெளியே வழிந்தது. வழிந்தது மேலேயும் ஏறியது. வெள்ளைக் காற்சட்டையை இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டு, சட்டைப் பையை எட்டிப் பார்த்தது. கீழே இறங்கியது பூட்ஸை விழுங்கிவிட்டு அடுப்பை நோக்கிப் புறப்பட்டது. நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். முனுசாமி தட்டிக்கு மேல் எம்பி எம்பிப் பார்த்தார். ரொட்டி வாங்க வந்த பென்ஷன் சொல்தாவும் எட்டிப் பார்த்து, "யாருப்பா அது, மாவுக்குள்ள பொதைஞ்சி கெடக்கறது?" என்று உரக்கக் கேட்டார்.

முசியே விழித்தார். எழுந்திருக்கப் பார்த்தார். பலகையும் கூடவே எழுந்தது. பிரெஞ்சில் ஒரு வார்த்தை சொன்னார். அதை நான் சொல்ல மாட்டேன், ஆனால் புதுச்சேரிக்காரர்களுக்குத் தெரியும். நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். ராயப்பன் பயத்தில் சிரித்தான், முனுசாமி உயிர் வந்ததில் சிரித்தார், நான் வேறு வழியில்லாமல் சிரித்தேன். இரண்டு பேர் பிடித்து இழுத்துத்தான் அவரைப் பலகையிலிருந்து பிரித்தார்கள்.

முசியே கோபக்காரர், முட்டாள் அல்ல. மாவு ஒட்டிய கையை உதறிக்கொண்டு யோசித்தார். "தெனமும் இவ்வளவுதான் போடறீங்க. இன்னிக்கு இப்படிப் பொங்குது. அப்ப இத்தினி நாளா போட்டது கள்ளு இல்ல" என்றார் மெதுவாக. "வந்த கள்ளு எங்க போச்சு?"

அந்தோணி அண்ணன் ஓர் அடி முன்னால் வந்தார். "நான்தான் குடிச்சேன்" என்றார். நாங்கள் என்று சொல்லவில்லை, நான் என்றார். "என் தலையில கருகின ரொட்டிய வச்சி நிக்க வச்சீங்களே, அன்னிலேந்து."

முசியே விழித்தார். அவருக்கு நிஜமாகவே ஞாபகம் வர நேரமாயிற்று. "அதுக்கா?" என்றார். "அது வேடிக்கைக்குத்தான? எல்லாரும் சிரிச்சாங்களே! சைகோன்ல என் தலையில பட்டாளத்து சார்ஜன் மண்ணு நெரப்பின பூட்ஸ வச்சி வெயில்ல நிக்க வச்சான். நான் இன்னா செத்தா போயிட்டேன்? அப்படித்தான் தொழில் கத்துக்கணும்னு..." சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். என்ன நினைத்தாரோ. காற்சட்டையில் காயத் தொடங்கியிருந்த மாவைச் சுரண்டினார். யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை. "நாளையிலேந்து ஒரு பானைதான். போயி இதெல்லாம் கழுவுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கால் அகட்டி நடந்து போனார். அதற்கப்புறம் அவர் யார் தலையிலும் எதையும் வைத்ததில்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தால் இதைச் சிரிப்புக்கதையாகவே உங்களுக்குச் சொல்லி அனுப்பியிருப்பேன்.

முசியே போனதும் அந்தோணி அண்ணன் முனுசாமியிடம் வந்தார். கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சிடுப்பா. உன் மேல ஒரு கோவமும் இல்ல. கோவமெல்லாம் அவரு மேலதான்" என்றார்.

முனுசாமியின் சிரிப்பு நின்றுவிட்டது. கையை மெல்ல உருவிக்கொண்டார்.

"யார் கையாலன்னு அவரு கேட்டாரு இல்ல, அண்ணே. நான் ஊத்தலன்னு எனக்குத் தெரியும். அப்ப வடிகட்டிக் கட்டறவதான ஊத்தியிருக்கணும்னு, நேத்து ஊட்டுக்குப் போயி பச்சையம்மாவ அடிச்சிட்டேன்."

சார்ஜனிடமிருந்து முசியேவுக்கு, முசியேவிடமிருந்து அண்ணனுக்கு, அண்ணனிடமிருந்து முனுசாமிக்கு. எல்லோருக்கும் ஆளுக்கொரு நியாயம் இருந்தது. எல்லா நியாயமும் கைமாறிக் கைமாறி, பிள்ளைச்சாவடியில் எங்கள் கடையை ஒருநாளும் பார்த்திராத ஒரு பெண்ணின் முதுகில் போய் இறங்கியிருந்தது.

அன்று சாயங்காலமே அந்தோணி அண்ணன் பிள்ளைச்சாவடிக்குப் புறப்பட்டார். ஆண்பிள்ளை போய்ப் பேசினால் சரிவராது என்று நானும் கூடப் போனேன். முனுசாமி எங்களுக்கு முன்னால் தலையைத் தொங்கப்போட்டு நடந்தார். பச்சையம்மா வாசலில் உட்கார்ந்து பானை கழுவிக்கொண்டிருந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. எங்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. தேருக்கு முன்னால் சிலுவை பிடிக்கிற மனுஷர் அவள் எதிரே மணலில் நின்று நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். மண்டி நியாயம், நெருப்பு நியாயம் ஒன்றையும் இழுக்கவில்லை. திருடிக் குடித்தேன் என்றே சொன்னார்.

அவள் பானையைக் கழுவி முடித்துக் கவிழ்த்து வைத்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"குடிச்சீங்க இல்ல, கள்ளு எப்படி இருந்துச்சு?"

அண்ணன் சொன்னார்: "சுத்தமா இருந்துச்சும்மா. ஒரு சொட்டு தண்ணி இல்ல."

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்க" என்றாள். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் கள்ளுப்பானையைச் சுமந்துகொண்டு கடைக்கு வந்தது பச்சையம்மா. அவளே நேராகப் பின்கட்டுக்குப் போய், துணியை அவிழ்த்து, நாலு ஆண்களும் பார்த்துக்கொண்டு நிற்க, தன் கையாலேயே மாவில் ஊற்றினாள்.